மடித்து வைத்த சீட்டு



இம்மாதம் ஒரு சிறு காகிதத்தைப் பற்றி உங்களோடு பேச விழைகிறோம். அஃது உள்ளங்கையில் அடங்கிவிடும் அளவினது. நம் இல்லங்கள் பலவற்றில் அத்தகைய காகிதம் இன்றும் இருக்கக்கூடும். செபப் புத்தகத்தினுள்ளோ, தகரப் பெட்டியின் அடியிலோ, சுவரில் தொங்கும் பையிலோ மடித்தது மடித்தபடியே கிடக்கக்கூடும். இதை வாசித்து முடித்தவுடன் எழுந்து சென்று தேடிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்வதற்காகவே எழுதுகிறோம்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் செல்லும் வழியில் நம் பங்கைச் சேர்ந்த சிற்றூர் ஒன்று உண்டு. ஊரின் பெயர் இங்கு வேண்டா. அங்குள்ள சிற்றாலயத்தைப் பெருக்கித் துடைத்து, மாலைதோறும் மாதா கெபியில் விளக்கேற்றி வந்தவர் ஒரு விதவைத் தாயார். வயது அறுபதைக் கடந்தவர். களையெடுக்கவும் கடலை பிடுங்கவும் சென்று, எவர் கையையும் எதிர்பாராமல் வாழ்ந்தவர். ஒரு நாள் மாலை கெபியில் விளக்கு எரியவில்லை. அக்கம்பக்கத்தார் போய்ப் பார்த்தபோது, வலக்கையும் வலக்காலும் செயலற்று, வாய் கோணி, அவர் தரையில் கிடந்தார். வாய்வுப் பிடிப்பு என்றார் ஒருவர். எண்ணெய் தேய்த்துப் படுக்க வையுங்கள், விடிந்ததும் பார்க்கலாம் என்றார் மற்றொருவர். விடிந்த பின்னரே வண்டி வந்தது. மருத்துவர் பார்த்துவிட்டுப் பக்கவாதம் என்றார். நெடுநாள் கவனியாது விட்ட இரத்த அழுத்தமே காரணம் என்றார்.

நோயில் பூசுதல் வழங்க நாம் அவரது இல்லம் சென்றோம். ஏதோ ஓர் அட்டையைத் தேடி, அவருடைய மருமகள் பெட்டியைத் திறந்து பழைய செபப் புத்தகத்தைப் புரட்டினார். மாதா படத்தோடு சேர்த்து நான்காக மடிக்கப்பட்ட சீட்டு ஒன்று கீழே விழுந்தது. எடுத்துப் பிரித்தோம். 180/110 என்ற எண்ணும், உடனே பெரிய மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்ற குறிப்பும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தன. கீழே நாள் இட்டிருந்தது. அந்த நாளை நாம் அறிவோம். ஆலயத் திருவிழாவை முன்னிட்டு, நம் கோயில் முற்றத்தில், நாமே முன்னின்று நடத்திய மருத்துவ முகாமின் நாள் அது. எட்டு மாதங்கள் அச்சீட்டு அங்கேயே இருந்திருக்கிறது.

“சாமி கையாலே குடுத்த சீட்டுன்னு அத்தை பத்திரமா வச்சிருந்தாங்க” என்றார் மருமகள். அவர் குறை சொல்லவில்லை. நமக்கு ஆறுதலாகவே அதைச் சொன்னார். ஆயினும் அச்சொல் இன்றளவும் நம் செவியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத அத்தாயாரிடம் அச்சீட்டைக் கொடுத்தோமேயன்றி, அதில் இருப்பது இன்னதென்று சொன்னோமா? எங்கே, எந்த நாளில், எவரோடு போவதென்று கேட்டோமா? முகாம் முடிந்ததும் விருந்துண்டோம், நிழற்படம் எடுத்தோம், இத்தனை பேர் பயன்பெற்றனர் என்று செய்தி எழுதினோம். அந்தக் கணக்கில் அத்தாயாரும் ஒருவர்.

பின்னர் நாமும் உபதேசியாரும் அருட்சகோதரியர் இருவருமாக, அன்று சீட்டுப் பெற்றவர்களின் இல்லங்களுக்கு ஒவ்வொன்றாகச் சென்றோம். அவர்கள் இருபதுக்குச் சற்று மேற்பட்டவர்கள். அவர்களுள் உண்மையில் மருத்துவமனைக்குச் சென்று திரும்பியவர்களை ஒரு கை விரல்களால் எண்ணிவிடலாம். ஏனையோர் ஏன் செல்லவில்லை? கிராம மக்களின் அறியாமை என்று ஒரே சொல்லில் தீர்ப்பளித்துவிடுவது எளிது. நாமும் அவ்வாறே எண்ணிக்கொண்டுதான் புறப்பட்டோம். இல்லங்களில் கேட்டது வேறு.

முதல் வீட்டில் ஐம்பது வயதை எட்டிய உழவர். “எனக்கு ஒண்ணும் செய்யலையே சாமி, இன்னும் நெல் மூட்டை தூக்கறேனே” என்றார். அவர் சொன்னது பொய்யன்று. இந்நோயின் வஞ்சகமே அதுதான். காய்ச்சல் கொதிக்கும், புண் வலிக்கும், இரத்த அழுத்தமோ பெரும்பாலும் எவ்வித அடையாளமும் காட்டாது. இதயம் சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்போது குழாய்ச் சுவரின்மீது ஏற்படும் அழுத்தத்தை மேல் எண் காட்டும்; இதயம் தளரும்போது உள்ள அழுத்தத்தைக் கீழ் எண் காட்டும். வெவ்வேறு நாட்களில் அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது நோய். வெளியே சத்தமின்றி, உள்ளே இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் கண்ணையும் அஃது ஆண்டுக்கணக்கில் அரிக்கும். முகாமில் ஒரு தடவை அளப்பது முடிவன்று. மீண்டும் அளந்து உறுதி செய்யவும், சர்க்கரையையும் சிறுநீரையும் சோதிக்கவும், இதயத்தின் நிலையைப் பார்க்கவும், ஏற்ற மாத்திரையைத் தொடங்கவுமே சீட்டு எழுதித் தருகிறார்கள். சீட்டு மடங்கியே கிடந்தால் முகாமும் வீண்தான்.

அடுத்த வீட்டில் கூலி வேலைக்குச் செல்லும் பெண்மணி. “ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு. ஒரு நாளோட முடியுதா சாமி? இன்னிக்குச் சீட்டு, நாளைக்கு ரத்தம் எடுக்கணும், அப்புறம் முடிவு வாங்கணும்” என்று விரல்விட்டு எண்ணினார். நடவுக் காலத்தில் மூன்று நாள் கூலி என்பது அக்குடும்பத்தின் அரிசி. அவருக்குக் கணக்குத் தெரியாமலில்லை. நம்மினும் நன்றாகவே தெரிகிறது.

முதியவர் இருவர் வாழும் வீடு ஒன்று. மகன் சென்னையில், மகள் பெங்களூரில். 2021-ஆம் ஆண்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டதால், பாட்டியார் துணிந்து ஒரு நாள் புறப்பட்டிருக்கிறார். ஊருக்கு வரும் பேருந்தில் ஏறி, இறங்கி, வேறு பேருந்து மாறி, அவர் போய்ச் சேர்ந்தபோது வெளிநோயாளர் சீட்டு கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. மறுமுறை இருட்டோடு புறப்பட்டுச் சென்றார். எந்த வரிசையில் நிற்பது, எந்த அறைக்குப் போவது என்பது தெரியவில்லை. சுவரெல்லாம் எழுத்து, அவருக்கோ எழுத்துத் தெரியாது. கேட்டவரெல்லாம் ‘அங்கே, அங்கே’ என்று கை காட்டினராம். நண்பகல்வரை நின்று களைத்துத் திரும்பியவர், மூன்றாம் முறை செல்லவில்லை. இதற்கு அறியாமை என்று பெயரிடுவோர், தம் தாயாரை அவ்விடத்தில் நிறுத்திப் பார்க்கட்டும்.

இன்னொரு வீட்டில் கணவன், மனைவி இருவருக்குமே சீட்டு. கணவர் சென்று வந்துவிட்டார், மனைவி செல்லவில்லை. “மாட்டை யாரு கறக்கறது? அவருக்கு யாரு சோறாக்கறது?” என்று அவர் நம்மையே கேட்டார். அருகில் அமர்ந்திருந்த கணவர் பேசாமல் தலைகுனிந்தார். நம் குடும்பங்களில் தாய் உண்பது கடைசியில், உறங்குவது கடைசியில், மருத்துவரிடம் செல்வதும் கடைசியிலேயே.

ஓர் அம்மையார் ஒருமுறை சென்று, ‘இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்?’ என்று பலர் முன்னிலையில் கடியப்பட்டுத் திரும்பியவர். அது எந்த இடம் என்பது நமக்கு வேண்டா. நூறு பேரை ஒரு காலையில் பார்ப்பவரின் களைப்பை நாம் அறிவோம். ஆயினும் ஏழைக்கு எஞ்சியிருக்கும் ஒரே சொத்து மானம். அதைக் கொடுத்து மருந்து வாங்க அவன் ஒருப்படமாட்டான்.

இன்னும் சிலரைத் தடுத்தது அச்சம். மாத்திரையைத் தொட்டால் ஆயுள் முழுதும் விட முடியாது, சிறுநீரகம் கெட்டுவிடும் என்று எவரோ சொல்லியிருக்கிறார்கள். நெடுநாள் உட்கொள்ள வேண்டும் என்பது பெரும்பாலோர்க்கு உண்மையே. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பது அடக்கப்படாத அழுத்தம். மருத்துவர் பார்த்துத் தரும் மாத்திரை அதைக் காப்பதற்கானது. மருத்துவரைக் கேளாமல் நடுவில் நிறுத்திவிடுவதே ஆபத்து. எண் குறைந்துவிட்டது என்று மாத்திரையை விடுவது, மழை நனைக்கவில்லை என்று குடையை எறிந்துவிடுவதற்கு ஒப்பாகும்.

‘மாதா பார்த்துக்கொள்வாள்’ என்றவர்களும் உண்டு. இது பங்குக்குரு விடை சொல்லவேண்டிய சொல். அன்னை பார்த்துக்கொள்வாள் என்பதை நாமும் நம்புகிறோம். ஆனால் சீராக் ஆகமத்தின் 38-ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். மருத்துவனை மதிக்கவேண்டும், அவனையும் ஆண்டவரே உண்டாக்கினார், நிலத்திலிருந்து மருந்துகளைத் தந்தவரும் அவரே என்ற கருத்தை அங்கே காண்பீர்கள். நோயுற்றபோது செபிக்கவும் வேண்டும், மருத்துவனுக்கு இடங்கொடுக்கவும் வேண்டும் என்பதே மறைநூலின் போதனை. மாத்திரை விசுவாசத்துக்கு எதிரியன்று.

இங்கே நம்மைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அம்முகாமின் மாலையில், எல்லாரும் சென்ற பின்னர், மருத்துவர் விளையாட்டாக நம் கையிலும் பட்டையைச் சுற்றி அளந்தார். எண்ணைப் பார்த்ததும் விளையாட்டை நிறுத்தி, நமக்கும் ஒரு சீட்டு எழுதினார். மற்றவர்களை விசாரித்துத் திரும்பிய நாளில், நம் கட்டளைச் செபப் புத்தகத்தைப் புரட்டினோம். சீட்டு அங்கே இருந்தது, மடித்தது மடித்தபடியே! நமக்குக் கூலி நட்டம் இல்லை. மோட்டார் வண்டி இருக்கிறது. எழுத்துத் தெரியும்; ஆங்கிலமும் தெரியும். கறக்க மாடும் இல்லை. பின் ஏன் செல்லவில்லை? திருவிழா முடியட்டும், தவக்காலம் முடியட்டும் என்று நாளைத் தள்ளினோம். உண்மையைச் சொன்னால், அஞ்சினோம். எல்லாவற்றுக்கும் மேலாக, ‘சாமி, போனீர்களா?’ என்று எவரும் கேட்கவில்லை. எல்லா வசதியும் உள்ளவனே போகாதபோது, எந்த வசதியும் இல்லாதவரை ஏசுவதற்கு நமக்கு ஏது உரிமை? மறுநாள் உபதேசியார் வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து, நம்மை விடாப்பிடியாக அழைத்துச் சென்றார். இன்று நாம் காலையில் ஒரு மாத்திரை உட்கொள்கிறோம்.

மருத்துவம் அருகிலேயே இருக்க, இடையில் நிற்கும் தடையால் மாள்வது என்பது நம் திண்டிவனத்துக்குப் புதிதன்று. அமெரிக்க ஆற்காடு மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜான் ஸ்கடர் இவ்வூரில் பணியாற்றிய காலம் அது; 1890-களின் தொடக்கம். அவருடைய மகள் ஐடா, நோயுற்ற தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இளம்பெண். இந்நாட்டில் தங்கும் எண்ணம் அவளுக்கு இல்லை. ஓர் இரவில் மூன்று ஆடவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். மூவர் மனைவியரும் பிரசவ வேதனையில் இருந்தனர். அவளோ மருத்துவம் அறியாதவள். தம் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றாள். அயல் ஆடவர் எம் பெண்டிரைப் பார்க்க எம் வழக்கம் இடந்தராது என்று மூவரும் திரும்பினர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்தனர். மருத்துவர் அந்த இரவில் அதே ஊரில்தான் இருந்தார்.

அந்த மூவரையும் மூடர் என்று ஐடா ஏசியிருக்கலாம். அவள் அவ்வாறு செய்யவில்லை. தடை எதுவோ அதை அகற்றத் தானே புறப்பட்டாள். அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கினாள். 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியை நிறுவினாள். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அவ்வாறு வளர்ந்ததே. அதோடும் அமரவில்லை. நோயாளர் மருத்துவமனைக்கு வர இயலாவிடில் நாம் அவர்களிடம் போவோம் என்று, வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையோரத்தில் மரத்தடிகளில் வாரந்தோறும் நோயாளரைப் பார்த்தாள். சபையால் நம்மினின்று வேறுபட்டவராயினும், அச்சகோதரியின் வாழ்வு நமக்கும் உரிய பாடமே. அன்று தடையாய் நின்றது வழக்கம். இன்று நிற்பவை கூலியும், பேருந்தும், துணையின்மையும், அச்சமும். தடையின் உருவம் மாறியிருக்கிறது. அதை அகற்றுவது தடையில் சிக்கியவரின் வேலை மட்டுமன்று என்பது மட்டும் மாறவில்லை.

மருத்துவமனைகள் நமக்கு இல்லாமலில்லை. வடக்கே செங்கல்பட்டு, தெற்கே முண்டியம்பாக்கம், புதுவையில் ஜிப்மர் என மூன்று பெரிய மருத்துவமனைகளுக்கு நடுவே வாழ்கிறோம். ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். அப்படியிருந்தும் 2020-இல் தமிழ்நாட்டில் நடந்த ஆய்வு ஒன்றில், உயர் இரத்த அழுத்தம் உடையோருள் நூற்றுக்கு ஏறக்குறைய ஏழு பேருக்கே அது கட்டுப்பாட்டில் இருந்தது. பின்னர் நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. உலக முழுவதிலும் இதே குறைதான். 30 முதல் 79 வயதுக்குட்பட்டோருள் ஏறத்தாழ 130 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டென்றும், ஐவருள் ஒருவருக்கே அது கட்டுக்குள் இருக்கிறதென்றும் உலக சுகாதார நிறுவனம் 2023-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது.

அப்படியானால் செய்யத்தக்கது யாது? நம் மக்களையே சற்று உற்று நோக்குவோம். ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்வோர் நம் பங்கிலும் உண்டு. காலில் கொப்புளம் எழ, நாட்கணக்கில் நடக்கிறார்கள். முப்பது கிலோமீட்டர் தொலைவில் உள்ள மருத்துவமனைக்குச் செல்லாத அதே கால்கள்தாம் அவ்வளவு தொலைவும் நடக்கின்றன. பக்தி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பக்தி மட்டுமா? யாத்திரைக்கு நாள் முன்னதாகவே குறிக்கப்படுகிறது. எவரும் தனியே செல்வதில்லை. வழி தெரிந்த ஒருவர் கொடி பிடித்து முன்னே செல்கிறார். உணவு கூடவே வருகிறது. முடியாதவரின் மூட்டையை மற்றவர் சுமக்கிறார். வீட்டில் ஆடுமாட்டைப் பார்த்துக்கொள்ள அண்டை வீட்டார் இருக்கிறார்கள். திரும்பி வந்ததும் ஊரே விசாரிக்கிறது. மருத்துவமனைச் சீட்டோடு செல்பவருக்கு இவற்றுள் ஒன்றேனும் உண்டா? நாளும் இல்லை, துணையும் இல்லை, வழிகாட்டியும் இல்லை, விசாரிப்பாரும் இல்லை. வேளாங்கண்ணிக்குத் தனியே செல் என்று ஒரு சீட்டை மட்டும் கொடுத்திருந்தால், எத்தனை பேர் போய்ச் சேர்ந்திருப்பர்?

இஃது நம் கற்பனையன்று. சோதித்துக் காணப்பட்ட வழியே. இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் ஆகிய மூன்று நாடுகளின் கிராமப்புறங்களில் 2016 முதல் 2019 வரை ஓர் ஆய்வு நடந்தது. 30 கிராமச் சமுதாயங்களைச் சேர்ந்த 2,645 பேர் அதில் இடம்பெற்றனர். அவற்றுள் பாதி ஊர்களில், அரசின் கிராம சுகாதாரப் பணியாளர்கள் வீடுதேடிச் சென்று, அழுத்தத்தை அளந்து, பேசி, தேவைப்பட்டோரை மருத்துவரிடம் அனுப்பி, மீண்டும் சென்று விசாரித்தனர். இரண்டு ஆண்டுகளின் முடிவில், மற்ற ஊர்களைவிட அவ்வூர்களில் மேல் எண் சராசரியாக 5 புள்ளிகள் அதிகமாகக் குறைந்திருந்தது. கேட்பதற்குச் சிறிய எண்தான். ஊர்முழுதும் அவ்வளவு குறையுமானால் பக்கவாதமும் மாரடைப்பும் எத்தனையோ இல்லங்களை விட்டு விலகும். நம் மாநிலத்திலும் 2021 ஆகஸ்டு 5-ஆம் நாள், கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. பெண் தன்னார்வலர்கள் வீடுதோறும் வந்து அளக்கவும், நோயுள்ளோர்க்கு மாத்திரையை வீட்டிலேயே கொடுக்கவும் வகைசெய்த அத்திட்டம், 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதையும் பெற்றது. அப்பெண்மணி உங்கள் வாசலுக்கு வரும்போது ‘வேலை இருக்கிறது, பிறகு வா’ என்று அனுப்பிவிடாதீர்கள். திண்ணையில் ஐந்து நிமிடம் அமைதியாய் அமர்ந்து கையை நீட்டுங்கள்.

நம் பங்கில் நாம் மேற்கொண்டிருப்பது இவ்வளவே. ஒவ்வோர் அன்பியத்திலும் நால்வர் பொறுப்பேற்றிருக்கிறார்கள். கப்பர்நாகூமில் திமிர்வாதக்காரரைக் கட்டிலோடு சுமந்து வந்தவர்கள் நால்வர் அன்றோ? வாசலில் கூட்டம் மறித்தபோது, ‘நாங்கள் கொண்டு வந்தோம், இனி உன் பாடு’ என்று அவரைத் தெருவில் வைத்துவிட்டு அவர்கள் போய்விடவில்லை, கூரையைத் திறந்தார்கள்.

சீட்டுப் பெற்றவரின் விருப்பத்தோடு அவர் பெயரை இந்நால்வர் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொள்கிறார்கள். நோய் ஒருவரின் அந்தரங்கம். எவர் பெயரும் கோயிலில் வாசிக்கப்படுவதில்லை. மாதத்தில் ஒரு நாள் குறிக்கப்படுகிறது. அன்று முதற்பேருந்தில் எல்லாரும் சேர்ந்தே செல்கிறார்கள். எழுத்தறிந்த இளைஞர் ஒருவரும் பெண் ஒருவரும் உடன் சென்று, வரிசையில் நின்று, அறையைக் கேட்டறிந்து, மருத்துவர் சொல்வதைத் தமிழில் எழுதிக்கொள்கிறார்கள். சீட்டையும், ஏற்கெனவே உட்கொள்ளும் மாத்திரைகளையும், ஆதார் அட்டையையும், ஒரு பொட்டலம் புளிச்சோற்றையும் முன்னிரவே எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறோம். அன்றைய மாடும் குழந்தையும் அண்டை வீட்டாரின் பொறுப்பு. கூலி இழப்பைத் தாங்கவே முடியாதவர்க்கு வின்சென்ட் தெ பவுல் சபையார் அந்நாளின் கூலியைத் தருகிறார்கள். ஒரு மாதம் கழித்து நால்வருள் ஒருவர் வீட்டுக்குச் சென்று, மாத்திரை இருக்கிறதா, உட்கொள்கிறீர்களா, அடுத்த முறை எப்போது என்று கேட்கிறார். நல்ல சமாரியன் காயமுற்றவரைச் சத்திரத்தில் சேர்த்ததோடு நில்லாமல், மீண்டும் வருவதாகச் சொல்லிச் சென்றதை நினைவிற்கொள்ளுங்கள். அந்த மறுவருகை இல்லையேல் அறம் பாதியிலேயே நின்றுவிடும்.

வெளியூரில் வாழும் மகன்களுக்கும் மகள்களுக்கும் ஒரு வார்த்தை. ஞாயிறுதோறும் தொலைபேசியில் ‘சாப்பிட்டீங்களா?’ என்று கேட்கிறீர்கள். அதோடு, ‘சீட்டுக்குப் போனீங்களா? மாத்திரை போட்டீங்களா?’ என்றும் கேளுங்கள். கணவன்மார்க்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவியின் சீட்டு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிடில் இன்றே கேளுங்கள். அன்றைய சோற்றை நீங்கள் ஆக்கினால் குடி முழுகிவிடாது.

இன்னும் ஒன்றை எல்லாரும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். திடீரென முகம் ஒருபுறம் கோணினாலோ, ஒரு கை தளர்ந்து விழுந்தாலோ, பேச்சுக் குழறினாலோ, எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியலுக்குக் காத்திராதீர்கள். அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். மூளையில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தால், அதைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்தவேண்டும். அழுத்தம் 180/120-ஐத் தொட்டு, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ கடுந்தலைவலியோ இருந்தாலும் அவ்வாறே. அன்று சீட்டுக்கும் குழுவுக்கும் காத்திருக்கலாகாது.

அத்தாயார் இன்றும் உயிரோடிருக்கிறார். பேச்சு இன்னும் திரும்பவில்லை. முதல் வெள்ளிதோறும் நற்கருணை கொண்டு செல்லும்போது, செபமாலையை இடக்கையில் பற்றியபடி நம்மைப் பார்க்கிறார். முதல் குழு மருத்துவமனைக்குச் சென்ற நாளன்று, அவருடைய மருமகளும் அதில் இருந்தார். முகாமில் அவருக்கும் ஒரு சீட்டு எழுதப்பட்டிருந்தது நமக்குப் பின்னரே தெரியவந்தது. மாலையில் அவர் மாத்திரையோடு திரும்பி, மாமியாரின் கட்டிலருகே அமர்ந்து எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். கெபியில் இப்போது விளக்கேற்றுபவரும் அவரே.

இனி எழுந்து சென்று தேடிப் பாருங்கள். சீட்டு கிடைத்தால் மடிப்பைப் பிரியுங்கள். உங்களால் வாசிக்க இயலாவிடில் பங்கு இல்லத்துக்குக் கொண்டுவாருங்கள். எந்த நேரமாயினும் கதவைத் தட்டலாம். உங்கள் வீட்டில் சீட்டு இல்லையெனில் அண்டை வீட்டில் ஒருமுறை கேளுங்கள்.

நோயுற்றோரின் ஆரோக்கியமான அன்னை உங்கள் இல்லங்களைக் காப்பாராக.